120 புள்ளி எடுத்தும் ஏன் தோற்கிறார்கள்?

செங்காங்கில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "என் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். வார இறுதியில் காலை எட்டரைக்கே அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவைப் போட்டுவிடுவான். நானும் மைக்கேல் ஜோர்டன் காலத்தில் விடாமல் பார்த்தவன். அப்போது 88-85 என்று ஆட்டம் முடியும். இப்போது 120 எடுத்த அணியும் தோற்கிறது. தற்காப்பு செத்துப்போய்விட்டதா? மகனிடம் கேட்டால், 'உங்க காலத்து ஆளுங்களுக்குப் பந்து போடத் தெரியாதுப்பா' என்கிறான். இன்னொன்று, முன்பு ஓசிபிசி அரங்கத்தில் நம்ம சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியின் ஆட்டம் பார்த்தபோது இரண்டு அணியும் 70, 80 தான் எடுத்தன. அது ஏன்?"

மகன் சொல்வதும் சரியில்லை, நீங்கள் பயப்படுவதும் தேவையில்லை. உங்கள் நினைவில் இருக்கும் 88-85 என்பிஏவின் இயல்பான ஸ்கோரே இல்லை. அது ஏறக்குறைய பத்து வருடம் நீடித்த ஒரு தாழ்வுக் காலம். அதற்கு முன்பும் புள்ளிகள் குவிந்தன, பின்பும் குவிகின்றன. ஆனால் அன்று குவிந்ததற்கும் இன்று குவிவதற்கும் காரணம் முற்றிலும் வேறு.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். 180 ரன் என்று மட்டும் சொன்னால் அது நல்ல ஸ்கோரா என்று நாம் சொல்லமாட்டோம். 20 ஓவரிலா, 50 ஓவரிலா என்று கேட்போம். கூடைப்பந்தில் ஓவரின் இடத்தில் இருப்பது தாக்குதல். பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியின் கைக்குப் போகும்வரை ஒரு தாக்குதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்தில் எத்தனை தாக்குதல் கிடைத்தது, ஒவ்வொன்றிலும் சராசரியாக எத்தனை புள்ளி வந்தது? இரண்டையும் பெருக்கினால் திரையில் தெரியும் எண் வந்துவிடும். அதனால்தான் ஆட்டத்தை ஆழமாகப் பார்ப்பவர்கள் "ஆட்டத்துக்கு எத்தனை" என்பதை விட்டுவிட்டு "100 தாக்குதலுக்கு எத்தனை" என்று கேட்கிறார்கள்.

இந்த அளவுகோலோடு இரண்டு பருவங்களைப் பாருங்கள். 1961–62இல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 118.8 புள்ளி எடுத்தது. 2024–25 வரை எந்தப் பருவமும் அதைத் தொடவில்லை. 1998–99இல் அதே சராசரி 91.6. தாக்குதலுக்கு நேர வரம்பு வந்த பிறகு அதைவிடக் குறைவான பருவமே கிடையாது. பார்த்தவுடன் என்ன தோன்றும்? அறுபதுகளில் தாக்குதலில் கில்லாடிகள், தொண்ணூறுகளின் கடைசியில் சொதப்பல். ஆனால் 100 தாக்குதலுக்கு எத்தனை என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. 1961–62இல் ஏறத்தாழ 94 புள்ளி. 1998–99இல் 102. ஆம், வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்த பருவம், மிகக் குறைவாக எடுத்த பருவத்தைவிடத் தாக்குதல் தரத்தில் மோசம்!

அறுபதுகளில் ஓடினார்கள். அவ்வளவுதான் விஷயம். ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 125க்கு மேல் தாக்குதல் கிடைத்தது. (இது மதிப்பீடுதான். துல்லியமாகக் கணக்கிடத் தேவையான எல்லா விவரங்களையும் என்பிஏ அப்போது குறித்து வைக்கவில்லை.) ஓர் அணி ஆட்டத்துக்கு 107 தடவைக்கு மேல் கூடையை நோக்கி வீசியது, அதில் 43 விழுக்காடுகூட விழவில்லை. விழாத பந்தெல்லாம் ரீபவுண்டு ஆகும், அதாவது மோதித் திரும்பி வரும், அதை எடுத்தவன் மறுபடி ஓடுவான். வில்ட் சேம்பர்லின் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்தார், 1962 மார்ச் 2இல் ஹெர்ஷி நகரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 100 எடுத்தார் என்று படிக்கும்போது இந்தப் பின்னணியையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. 48 நிமிட ஆட்டத்தில் சராசரியாக 48.5 நிமிடம் களத்தில் நின்றவர் அவர். கூடுதல் நேரம் போன ஆட்டங்களையும் சேர்த்தால் அப்படித்தான் வருகிறது. இன்றைக்கு யாரையாவது அப்படி நிற்கச் சொன்னால் அணி மருத்துவரே ராஜினாமா செய்துவிடுவார்.

அந்த ஓட்டத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. 1950 நவம்பர் 22இல் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்ற கணக்கில் வென்றது. ஒரு அணியின் ஸ்கோரைப் பாதியில் எழுதி நிறுத்தவில்லை. முழு ஆட்டமும் அவ்வளவுதான். முன்னிலை பெற்ற அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடும், ஏன் என்று கேட்க விதி இல்லை. சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டங்களில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 வீச்சு எடுக்கின்றன, 48 நிமிடம் என்பது 2,880 விநாடி, வகுத்தால் 24. அந்த 24 விநாடிக் கடிகாரம் 1954–55இல் வந்தது. சராசரி ஒரே பருவத்தில் 79.5இலிருந்து 93.1க்குத் தாவியது. விதியை மாற்றினால் ஸ்கோர் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த விளையாட்டில் இல்லை.

சரி, உங்கள் ஜோர்டனுக்கு வருவோம். அவர் ஆட்டத்துக்கு அதிகபட்சமாக 37.1 புள்ளி எடுத்த பருவம் 1986–87. அந்த ஆண்டு லீக்கின் சராசரி ஏறத்தாழ 110! நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் 88-85 உலகத்தில் அவர் அதை எடுக்கவில்லை. எண்பதுகளும் ஓட்டக் காலம்தான், ஆனால் அறுபதுகளைவிடத் துல்லியமான ஓட்டம். 1983 டிசம்பர் 13இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், டென்வர் நகெட்ஸை 186-184 என்று வென்றது. மூன்று முறை கூடுதல் நேரம் போன ஆட்டம், மொத்தம் 370 புள்ளி. அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. அதில் தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து வீசும் மூன்று புள்ளி முயற்சிகள், இரண்டு அணியும் சேர்ந்து எத்தனை எடுத்தன தெரியுமா? நான்கு. விழுந்தது இரண்டு. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். இன்று ஒரு ஆட்டத்தின் முதல் இரண்டு நிமிடத்திலேயே நான்கு முயற்சி ஆகிவிடும்.

அப்படியானால் தொண்ணூறுகளில் என்னதான் நடந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில், பயிற்சியாளர்கள் கடிவாளத்தைக் கையில் எடுத்தார்கள். எண்பதுகளின் கடைசியில் டெட்ராய்ட்டும், பிறகு நியூயார்க்கும் உடம்பால் மோதி, ஆட்டத்தை மெதுவாக்கி, எதிரணியை ஓடவிடாமல் கட்டிப்போட்டு வென்றன. ஜெயிப்பவனைப் பார்த்துத்தான் மற்றவன் படிப்பான். எண்பதுகளின் நடுவில் ஆட்டத்துக்கு 102 அளவில் இருந்த தாக்குதல் எண்ணிக்கை, தொண்ணூறுகளின் கடைசியில் 90க்கு இறங்கியது. அங்கேயே சுமார் பத்துப் பன்னிரண்டு புள்ளி போய்விட்டது.

இரண்டாவது, தற்காப்பு விதியில் ஒரு விநோதம். அப்போது என்பிஏவில் மண்டலத் தற்காப்பு, அதாவது ஆளைக் காக்காமல் ஆளுக்கோர் இடத்தைக் காப்பது, தடை. ஒவ்வொருவனும் தன் எதிராளிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இது தாக்குதலுக்கு உதவும் என்றுதானே தோன்றும்? ஆரம்பத்தில் உதவியது. பிறகு பயிற்சியாளர்கள் அதில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். தங்கள் ஆட்களில் மூன்று பேரை ஒரு பக்கமாக ஓரங்கட்டி நிறுத்துவார்கள். விதிப்படி எதிரணியிலும் மூன்று பேர் அங்கேயே போய் நிற்க வேண்டும். மறுபக்கத்தில் நட்சத்திர வீரர் ஒருவனை எதிர்த்து ஆடுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஜோர்டன் ஆடினால் அது கண்கொள்ளாக் காட்சி. மற்ற இருபத்துச்சொச்சம் அணிகளில் அவரைப் போலவே ஆட நினைத்தவர்கள் ஆடியபோது கொட்டாவி வந்தது.

மூன்றாவது, கை. பந்தோடு வருபவனின் இடுப்பில் கையை வைத்துத் திசைதிருப்புவது அப்போது பெரும்பாலும் கண்டுகொள்ளப்படவில்லை. வேகமான சின்ன ஆட்டக்காரனுக்கு அந்த ஒரு கை போதும், கதை முடிந்தது.

இதன் உச்சத்தை 1998 இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் பார்த்திருப்பீர்கள்: சிகாகோ 96, யூட்டா 54. ஒரு முழு ஆட்டத்தில் 54. 2003–04இல் டெட்ராய்ட் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் எதிரணியை 70க்குக் கீழே வைத்தது. அந்தப் பருவத்தின் சராசரி 93.4. தற்காப்பை ரசிப்பவனாகிய எனக்கே அந்தக் காலத்துச் சில ஆட்டங்களை இப்போது முழுதாகப் பார்க்கப் பொறுமை இல்லை.

லீக்கும் சும்மா இருக்கவில்லை. 2001–02இல் மண்டலத் தற்காப்பை அனுமதித்தார்கள். கூடவே, யாரையும் காக்காமல் வளையத்துக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்றார்கள். 2004–05இல் இடுப்பில் கைவைப்பதைக் கண்டிப்பாகத் தப்பாட்டமாக ஊதத் தொடங்கினார்கள். அதே பருவத்தில் மைக் டி'ஆன்டோனியின் பயிற்சியில், ஸ்டீவ் நாஷ் பந்தை நடத்த, பீனிக்ஸ் சன்ஸ் ஆட்டத்துக்கு 110 புள்ளி எடுத்தது. அன்று எல்லோரும் அதை ஒரு வேடிக்கை அணியாகத்தான் பார்த்தார்கள். இன்று லீக்கின் கடைசி இடத்தில் இருக்கும் அணிகளும் அதைச் சுற்றித்தான் எடுக்கின்றன.

அப்புறம் வந்தது மூன்று புள்ளிக் கணக்கு. கோடு 1979–80இலேயே வந்துவிட்டது. வளையத்திலிருந்து 7.24 மீட்டர், மூலையில் 6.7 மீட்டர். ஆனால் முதல் பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று முறைகூட முயலவில்லை. 2024–25இல் 37க்கு மேல். இதற்கு உயர்கணிதம் ஒன்றும் தேவையில்லை, உயர்நிலை ஒன்று மாணவன் போடுவான். கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று வீசும் நீண்ட இரண்டு புள்ளி வீச்சில் 100க்கு சுமார் 40 விழும்: 80 புள்ளி. ஓரடி பின்னால் போய் வீசினால் 36 விழும்: 108 புள்ளி. ஒரே ஆள், ஒரே கை, ஓரடி வித்தியாசம். இதை முப்பது வருடம் யாரும் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். தூரத்திலிருந்து வீசுபவனைப் பொறுமையில்லாதவன், சோம்பேறி என்று பார்க்கும் பழக்கம் பயிற்சியாளர்களிடம் ஊறியிருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியக் காரணம்.

கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீஃபன் கர்ரி அந்தக் கூச்சத்தைப் போக்கினார். 2012–13இல் ஒரு பருவத்தில் 272 மூன்று புள்ளிக் கூடை போட்டுச் சாதனை, 2014–15இல் 286, 2015–16இல் 402. சாதனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதுதான் உலக வழக்கம். இவர் ஒரே தாவில் நூறுக்கு மேல் தூக்கி வைத்தார். ஆனால் கர்ரியைவிட ஒரு நெட்டை ஆளின் கதைதான் மாற்றத்தை நன்றாகக் காட்டும். புரூக் லோபெஸ், ஏழடி உயரம். தன் முதல் எட்டுப் பருவங்களில் மொத்தமே மூன்று மூன்று புள்ளிக் கூடைதான் போட்டிருந்தார். ஒன்பதாவது பருவமான 2016–17இல் மட்டும் 134. மனிதர் புதிதாகப் பிறந்து வரவில்லை. வளையத்துக்குக் கீழே நின்றவரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மகன் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். லோபெஸ் வெளியே வந்தால் அவரைக் காக்கும் நெட்டை ஆளும் வெளியே வர வேண்டும். வளையத்துக்குக் கீழே இடம் காலி. அதனால் இரண்டு புள்ளி வீச்சுகளும் சுலபமாகிவிட்டன. தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு புள்ளி வீச்சுகளில் 47 விழுக்காடு விழுந்தது, இப்போது 54. "இப்போதெல்லாம் தூரத்திலிருந்து வீசுகிறார்கள், அதனால் ஸ்கோர் ஏறுகிறது" என்பது பாதிக் கதைதான். தூரத்திலிருந்து வீசுவார்கள் என்ற பயம் பக்கத்துக் கூடையையும் மலிவாக்கிவிட்டது. நடுத்தர வீச்சுத்தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மெலிந்துபோனது.

இந்தக் கணக்கு சில நாள் கடிக்கவும் செய்யும். 2017–18இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ்தான் ஒரு பருவத்தில் இரண்டு புள்ளி முயற்சிகளைவிட மூன்று புள்ளி முயற்சிகளை அதிகம் எடுத்த முதல் அணி. அதே பருவத்தில், இறுதிச் சுற்றுக்குள் நுழையும் ஏழாவது ஆட்டத்தில், தொடர்ந்து 27 மூன்று புள்ளி வீச்சுகளைத் தவறவிட்டுக் கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்றது. அப்படியும் யாரும் பின்வாங்கவில்லை. 2024–25இல் பாஸ்டன் ஆட்டத்துக்கு 48 முயற்சி எடுத்தது.

இனி தற்காப்பு. 2024–25இல் லீக்கின் சராசரி 113.8, 100 தாக்குதலுக்கு 114க்கு மேல். தாக்குதல் எண்ணிக்கை 99கூட இல்லை, எண்பதுகளைவிடக் குறைவு. ஆக, இன்றைய ஸ்கோர் ஓடி எடுத்தது இல்லை, ஒவ்வொரு தாக்குதலிலும் கூடுதலாக எடுப்பது. இதற்குத் தற்காப்பின் சோம்பல்தான் காரணம் என்றால், அன்று காக்க வேண்டிய பரப்பையும் இன்றைக்குக் காக்க வேண்டிய பரப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று நெட்டை ஆட்கள் பெரும்பாலும் வளையத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்கள், அவர்களைக் காப்பவர்களும் உள்ளேயே கூட்டமாக நிற்கலாம். இன்று ஐந்து பேரும் வீசுவார்கள். உள்ளே உதவிக்குப் போனவன், பந்து வெளியே வந்ததும் ஆறேழு மீட்டர் பாய்ந்து கையை நீட்ட வேண்டும். ஒரே தாக்குதலில் இரண்டு மூன்று முறை. ஒரு ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் தற்காப்பு வீரர் ஒருவரின் காலை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள், தெரியும்.

"நடுவர்கள் எல்லாவற்றுக்கும் ஊதுகிறார்கள், இலவச வீச்சாகவே போகிறது" என்றும் பலர் சொல்வார்கள். எண்ணிக்கை அதற்கு எதிராக இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 30க்கு அருகில் இலவச வீச்சு கிடைத்தது, 2024–25இல் சுமார் 22. ஆனால் எதற்கு ஊதுகிறார்கள் என்பது ஸ்கோரைப் பாதிக்கும் என்பதை மறுக்கமாட்டேன். 2023–24இன் பாதியில், லூக்கா டோன்சிச் ஓர் ஆட்டத்தில் 73, ஜோயல் எம்பீட் ஓர் ஆட்டத்தில் 70 என்று ஒரே வாரத்தில் எடுத்துத் தள்ளிய பிறகு, நடுவர்கள் உடல் மோதலைக் கொஞ்சம் அதிகமாக விட ஆரம்பித்தார்கள். பருவத்தின் பிற்பகுதியில் ஸ்கோர் இறங்கியது. (2024 ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் 211-186ஐ ஆதாரமாகக் கொண்டு வராதீர்கள். அது ஆட்டமே இல்லை, திருவிழா.)

ஸ்லிங்கர்ஸ் விஷயம் எளிது. நீங்கள் பார்த்தது 40 நிமிட ஆட்டம். என்பிஏ 48 நிமிடம். என்பிஏவின் 115ஐ 40 நிமிடத்துக்குச் சுருக்கினாலே 96தான் வரும். சர்வதேச விதியில் ஆடும் லீக்குகளில் வேகமும் குறைவு. ஓர் அணிக்கு 70, 75 தாக்குதல்தான். அதில் 78 எடுத்தால் 100 தாக்குதலுக்கு 104க்குக் குறையாது. அதாவது நீங்கள் ஏங்கும் ஜோர்டன் காலத்து என்பிஏ அளவு. பழைய ரசிகர்களுக்கு நினைவிருக்கும், ஸ்லிங்கர்ஸ் 2006இலிருந்து இரண்டு பருவம் ஆஸ்திரேலிய லீக்கில் ஆடியது, அங்கே அப்போது 48 நிமிடம். பிறகு 2009இல் தொடங்கிய ஆசியான் லீக்குக்கு வந்தபோது 40 நிமிடம். ஒரே அணியின் ஸ்கோரை இந்த இரண்டு காலத்துக்கும் நேராக ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் கிடைக்கும்.

மகன் வீவக புளோக்குக்குக் கீழே நண்பர்களோடு ஆடுபவனாக இருந்தால், மூவர் கூடைப்பந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 2022இல் அதன் ஆசியக் கிண்ணப் போட்டி இங்கே சிங்கப்பூரில்தான் நடந்தது. அதில் கோட்டுக்கு உள்ளே ஒரு புள்ளி, வெளியே இரண்டு. என்பிஏவில் வெளியே வீசினால் ஒன்றரை மடங்கு. இங்கே இரு மடங்கு. வெளியே 100க்கு 30 விழுந்தாலே, உள்ளே 60 விழுவதற்குச் சமம். கர்ரி காலத்துக் கணக்கு இதில் இன்னும் காரமாக வேலை செய்யும்.

"கோட்டை இன்னும் பின்னால் தள்ளிவிட்டால் பழைய ஆட்டம் திரும்பாதா?" இது நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்து யாராவது கேட்பார்கள். என்பிஏ 1994இல் கோட்டை முன்னால் இழுத்து, மூன்று பருவம் வைத்திருந்து, பழைய இடத்துக்கே கொண்டுபோனது. அதனால் நகர்த்தவே முடியாது என்றில்லை. ஆனால் பின்னால் தள்ளுவதில் மூலைதான் சிக்கல். ஆடுகளத்தின் அகலம் 15.24 மீட்டர். வளையம் நடுவில் இருக்கிறது. பக்கக் கோட்டுக்கு அங்கிருந்து 7.62 மீட்டர். மூலைக்கோடு 6.7 மீட்டரில் இருப்பதால் மிஞ்சுவது ஒரு மீட்டருக்கும் குறைவு. இரண்டு கால் வைத்து நிற்க அது சரியாக இருக்கிறது. கோட்டை அங்கே பின்னால் தள்ளினால் மூலையில் நிற்கவே இடம் இருக்காது. மூலை வீச்சை அப்படியே எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அதில் ஓரளவு சம்மதம், ஏனென்றால் மிக மலிவான மூன்று புள்ளி அதுதான். இல்லையென்றால் ஆடுகளத்தையே அகலமாக்க வேண்டும். அதற்குப் பக்கக் கோட்டை ஒட்டிய முதல் வரிசை நாற்காலிகளைத் தூக்க வேண்டும். அரங்கத்திலேயே அதிக விலைக்கு விற்பவை அந்த நாற்காலிகள். எந்த அணி உரிமையாளர் அதற்குக் கைதூக்குவார் என்று நீங்களே சொல்லுங்கள்.